தட்டைத் தள்ளுகிற வீடு

மகளே, மகனே, இதை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருத்தர் படித்து மற்றவருக்குச் சொன்னால், நான் எழுதியது ஒன்றாகவும் போய்ச் சேர்ந்தது இன்னொன்றாகவும் ஆகிவிடும். நம் குடும்பத்துக்கு வந்த பெரிய வம்பே அப்படி வந்ததுதான். பத்தாவதோடு நிறுத்தியவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள், சத்தமாகத் திருத்த வேண்டாம்.

மகளே, உன் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் தாம்பூலத் தட்டை வாங்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு இருந்தார். நாம் தட்டைப் பாயில் வைத்து அவரை நோக்கித் தள்ளினோம். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கும்பிடு போட்டார். "இது என்ன வழக்கம்?" என்று கேட்டார். உங்களுக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க வம்சத்துல தட்டு பூமியைத் தொட்டுத்தான் போகணும். பூமாதேவி சாட்சி" என்றார். பக்கத்தில் இருந்தவர், "கையில கொடுத்தா லெச்சுமி கைமாறிப் போயிருவா" என்று கூடச் சேர்த்தார். மகனே, நீ அதைப் படம் பிடித்து, தலைமுறை தலைமுறையாக வரும் எங்கள் மரபு என்று எழுதிப் போட்டாய். நிறையப் பேர் கும்பிடுகிற கை போட்டிருந்தார்கள்.

சம்பந்தி வீட்டார் முன்னால் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன். அது பூமாதேவியும் இல்லை, லெச்சுமியும் இல்லை. உங்கள் தாத்தாவின் கை.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஐப்பசி போயிற்று, கார்த்திகையும் போயிற்று. அய்யனார் கோவில் அருவியில் பாறை காய்ந்து கிடந்தது. ராஜபாளையத்தில் இருந்து மகாராஜபுரம் வரை கிணறு வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதை இன்னும் ஆழமாக்கக் கிளம்பினார்கள். மண்ணைத் தாண்டினால் நம் ஊரில் பாறைதானே. பாறைக்கு அப்பா வேண்டும்.

டிராக்டருக்குப் பின்னால் கம்ப்ரசர் நிற்கும். அதிலிருந்து மலைப்பாம்பு மாதிரி ரப்பர் குழாய் கிணற்றுக்குள் இறங்கும். குழாயின் நுனியில் பாறையைத் துளைக்கிற மிஷின். அதை இரண்டு கையாலும் பிடித்து, வயிற்றைக் கொடுத்து அழுத்திக்கொண்டு நிற்பார் அப்பா. அவர் துளை போட்டு முடித்ததும் வெடிக்காரர் இறங்குவார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் சோற்று வாளியோடு போய்க் கிணற்று மேட்டில் நின்று பார்த்திருக்கிறேன். மிஷின் ஆடும், அப்பா ஆடுவார், அவர் தலையில் கட்டிய துண்டு ஆடும், மேலே நிற்கிற எனக்குப் பல் ஆடும். ஒரு தடவை மேலே வைத்து ஓட்டிப் பார்த்தபோது அந்த மிஷினில் இருந்து சீறி வருகிற காற்றில் கையை நீட்டிப் பார்த்தேன். வெயில் அப்படிக் கொளுத்துகிறது, அந்தக் காற்று மட்டும் குச்சி ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி. அந்தக் குளிர் நாள் முழுக்க அப்பாவின் விரல்கள் மேலேயே வீசும்.

சாயங்காலம் மிஷின் நின்றுவிடும். கை நிற்காது. சாப்பிட உட்கார்ந்தால் ரசம் தட்டில் அலை அடிக்கும். "மிஷினை வண்டியில ஏத்திட்டேன். ஆட்டத்தை மட்டும் கையோட கொண்டாந்துட்டேன்" என்பார் அப்பா. அதையும் கத்தித்தான் சொல்வார். நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் நின்று காது மந்தமாகிவிட்டது. அவர் அம்மாவிடம் ரகசியம் பேசினால் தெருக்கோடியில் இருந்து பதில் வரும்.

மார்கழிக் குளிர் வந்தபோதுதான் விரல் வெளுக்க ஆரம்பித்தது. விடிகாலையில் குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வருவார். பார்த்தால் நடுவிரலும் மோதிர விரலும் பாதியில் இருந்து சுண்ணாம்பில் முக்கி எடுத்தது போல இருக்கும். கோடு போட்ட மாதிரி. கோட்டுக்கு இந்தப் பக்கம் அப்பாவின் கறுப்பு, அந்தப் பக்கம் வேறு யாரோ ஒருத்தருடைய விரல். செத்த நேரத்தில் அது நீலமாகும், அப்புறம் பழுத்த மிளகாயாகச் சிவக்கும். சிவக்கும்போது அப்பா முற்றத்தில் குதிப்பார். "கட்டெறும்பு ஏறுது, கட்டெறும்பு ஏறுது" என்பார். நான் கீழே எறும்பைத் தேடுவேன்.

"என்னங்க செய்யுது கைக்கு?" என்று அம்மா கேட்டால், "மரத்துப்போச்சு" என்பார். எனக்கு அந்த வார்த்தை புதுசு. மரத்துப்போச்சு என்றால் மரமாகப் போச்சு என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். வெளுத்திருப்பது பட்டை உரிந்த இடம். இனிமேல் இலை விடும். அப்பா அசந்து தூங்கும்போது நகக்கண்ணில் துளிர் இருக்கிறதா என்று விரலைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். கிள்ளியும் பார்த்தேன். அவருக்குத் தெரியவே இல்லை. அதனால் என் சந்தேகம் உறுதியாயிற்று.

விரலுக்கு உணர்ச்சி இல்லாததால் சட்டைப் பட்டனைப் போட முடியாது. தினமும் காலையில் வாசலில் டிராக்டர் நிற்கும், அம்மா அப்பாவின் முன்னால் நின்று மேலிருந்து கீழாகப் பட்டனைப் போட்டுவிடுவார். அதைத் தெரு பார்த்தது. ஆண்கள் கேலி பண்ணினார்கள். பெண்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டு அக்கா தன் வீட்டுக்காரரிடம், "அவியளைப் பாருங்க, பொண்டாட்டி கையால பட்டன் போட்டுக்கிட்டுத்தான் வாசலைத் தாண்டுதாவ. நீங்களும் இருக்கீயளே" என்று சொல்லி, அந்த மனுஷர் நல்லா இருக்கிற கையை வைத்துக்கொண்டு தினமும் பட்டனுக்குக் காத்து நிற்க வேண்டியதாயிற்று. அந்த மார்கழியில் எங்கள் தெரு ஆண்கள் பாதிப் பேர் வேலைக்குத் தாமதமாகப் போனார்கள்.

அது சிரிப்போடு போயிற்று. டீக்கடையில் நடந்தது அப்படிப் போகவில்லை. அப்பா கண்ணாடி கிளாஸை வாங்குவார். பிடித்திருக்கிறோமா இல்லையா என்று விரலுக்குத் தெரியாது. தெரியாததால் அழுத்திப் பிடிப்பார். அழுத்தினால் ஆடும். ஆடினால் சிந்தும். இரண்டு மூன்று கிளாஸ் உடைந்த பிறகு டீக்கடைக்காரர் அவருக்கு மட்டும் அரை கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். விடிந்தும் விடியாமலும் கை ஆடுகிற ஆள் என்றால் ஊரில் என்ன நினைப்பார்கள்? அப்பா சாராயக்கடை இருக்கிற தெரு வழியாகக்கூட நடக்காதவர். ஆனாலும் எதிரே வருகிறவர்கள் அவர் பேசும்போது மூக்கை லேசாக முன்னால் நீட்டுவார்கள். வாசம் வராவிட்டால், "மாத்திரை எதுவும் போட்டுக்கிடுதாரு போல" என்பார்கள்.

அப்போது எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு நின்றது என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிற வேலை. என் தாத்தா இல்லாத வீடு, அப்பாதான் அவருக்கு எல்லாம். அத்தைக்கு வந்த முதல் சம்பந்தம் வீடு வரைக்கும் வரவே இல்லை. வந்தவர்கள் டீக்கடையில் விசாரித்திருக்கிறார்கள். கடைக்காரர் நல்ல மனதோடு, "தங்கமான மனுஷன். காலையில கை மட்டும் கொஞ்சம் ஆடும், அம்புட்டுதான்" என்றாராம். அவர்கள் டீயைக்கூட முடிக்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள்.

அன்றைக்கு அத்தை அழவில்லை. அம்மாதான் அழுதார். கம்பவுண்டரிடம் கூட்டிப்போனார். கம்பவுண்டர் விரலைத் தட்டிப் பார்த்து, வாயு என்று சொல்லி ஊசி போட்டார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. வாயுவுக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

தை பிறந்ததும் மகாராஜபுரத்தில் இருந்து இரண்டாவது சம்பந்தம் வந்தது. வயல், தோப்பு உள்ள குடும்பம். மாப்பிள்ளை போலீஸ், அவர் அப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தரகர் சொன்னார்: "அவியளுக்கு நகை நட்டு ஒண்ணும் பெருசில்ல. மாப்பிள்ளையோட அம்மாவுக்கு ஒரே ஒரு பிடிவாதம். அவுக கூடப் பொறந்தவன் குடிச்சே அழிஞ்சான். குடிக்கிறவன் இருக்கிற வீட்டுல தண்ணி கூடக் குடிக்க மாட்டாக."

அம்மா நேரே டீக்கடைக்குப் போய், "யார் வந்து கேட்டாலும் கையைப் பத்தி வாயைத் திறக்காதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தார். அவரும் வாக்குக் காப்பாற்றினார். விசாரிக்க வந்தவர்களிடம், "குடியா? அவரா? அவர் கையில கிளாஸே நிக்காதுங்க" என்றாராம். அவர்களுக்கு அது திருப்தியாக இருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். தை மாதக் காலை முகூர்த்தம்.

காலை என்றதும் வீட்டில் எல்லாரும் அப்பாவின் விரலைத்தான் பார்த்தோம். நிச்சயம் என்றால் தட்டு மாற்றுவதுதானே. அத்தைக்கு அப்பா ஸ்தானத்தில் இருந்து அண்ணன்தான் தட்டைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். அது கீழே விழுந்தால் எழுந்து போய்விடுவார்கள். விழாமல் ஆடினால் குடிகாரன் என்பார்கள். விரல் வெளுத்திருப்பதைப் பார்த்தால் அதற்கு வேறு ஒரு பெயர் வைப்பார்கள். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லவில்லை.

"கையில கட்டுப் போட்டுருவோம் அண்ணே. கம்பெனியில இருந்து நல்ல துணியாக் கொண்டாரேன். பாறை விழுந்திருச்சுன்னு சொல்லிருவோம்" என்றார் அத்தை.

"ஏட்டி, நல்ல காரியத்தன்னைக்குக் கட்டுப் போட்ட கையா? வேற வினையே வேண்டாம்" என்றார் அம்மா.

"பொறவு நான் என்ன, கையைக் கழட்டி வச்சுட்டா வர முடியும்?" என்று அப்பா கத்தினார். எதிர்வீட்டு அக்கா ஜன்னலில் வந்து நின்றார்.

கடைசியில் வழி சொன்னது அம்மாதான். சூடு பட்டால் விரல் வெளுக்காது. காலையில் சூடான காப்பி டம்ளரைச் செத்த நேரம் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தால் அப்பாவுக்கு விரல் வழிக்கு வரும். ஆனால் சபையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டே உட்கார முடியாது. அதனால் உப்பு. கல் உப்பைச் சட்டியில் வறுத்து, துணியில் கட்டி, துண்டுக்கு அடியில் ஒளித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்தத் துணியில் கட்டினாலும் மூட்டையாகத் தெரிந்தது. அத்தை வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொடியில் காய்ந்த என் பள்ளிக்கூட வெள்ளை சாக்ஸை உருவினார். அது கைக்குள் அடங்கிற்று.

அந்த வருஷம்தான் எனக்கு முதல் தடவையாக சாக்ஸ் வாங்கித் தந்திருந்தார்கள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "உங்கத்தை கல்யாணம் பெருசா, உன் சாக்ஸ் பெருசா?" என்றார் அம்மா. எனக்குப் பதில் தெரிந்திருந்தது, சொல்லவில்லை.

நிச்சயத்தன்று விடியும்போதே வீட்டில் உப்பு பொரிகிற சத்தம். பட்டு வேட்டி, தோளில் துண்டு, கழுத்து வரை அம்மா போட்டுவிட்ட பட்டன், இரண்டு கையிலும் இரண்டு சாக்ஸ். அப்பா பாயில் உட்கார்ந்திருந்தார். துண்டை மடியில் விரித்து அதற்குள் கையை வைத்துக்கொண்டார். பார்த்தால் கோழிக்குஞ்சை ஒளித்து வைத்திருப்பவர் மாதிரி இருந்தது. சூடு ஆறினால் சாக்ஸை வாங்கி அடுப்படிக்கு ஓடி, வேறு உப்பு மாற்றிக் கொண்டு வருவது என் வேலை.

மாப்பிள்ளை வீட்டு வேன் பனியில் மெதுவாக வந்தது. வந்தவர்களுக்குப் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுக்க வேண்டும். அதை யார் செய்வது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. வீட்டுத் தலைவர்தானே செய்ய வேண்டும். அப்பா சாக்ஸைத் துண்டோடு பாயிலேயே விட்டுவிட்டு எழுந்தார். பன்னீர்ச் செம்பு வெள்ளி, ராத்திரிப் பனியில் முற்றத்தில் இருந்தது. சந்தனத்தை அம்மா குழாய்த் தண்ணீரில் கரைத்து வைத்திருந்தார். எல்லாருக்கும் கொடுத்து முடித்து அப்பா திரும்பி உட்கார்ந்தபோது நான் பார்த்துவிட்டேன். சந்தனத்துக்குக் கீழே விரல்கள் சுண்ணாம்பாகி இருந்தன. சாக்ஸ் இரண்டும் ஆறிப்போய்க் கிடந்தன. எடுத்துக்கொண்டு ஓடலாம் என்றால் தரகர் அதற்குள், "நேரம் ஆவுது, தட்டை எடுங்க" என்றார்.

பித்தளைத் தட்டு. தேங்காய், பழம், வெற்றிலை, கொட்டைப்பாக்கு, விரலி மஞ்சள், கண்ணாடி வளையல். அப்பா அதைத் தூக்கினார். முதலில் பாக்கு பேசியது. அப்புறம் மஞ்சள். அப்புறம் வளையல்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. கிணுகிணுகிணு என்று அந்தச் சத்தம் கூடத்தை நிறைத்தது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தார். இறுக்க இறுக்கச் சத்தம் கூடியது. தேங்காய் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி விளிம்புக்கு வந்து நின்றது.

"செத்த இருங்க தம்பி. தட்டைக் கீழ வைங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அப்பா வைத்தார். அந்த அம்மா பக்கத்தில் குனிந்து, சபைக்குக் கேட்காத குரலில் கேட்டார். நான் அப்பாவின் முதுகோடு ஒட்டி நின்றதால் எனக்குக் கேட்டது.

"ஒண்ணு கேக்கேன், மனசுல வச்சுக்கிடாதீய. குடிச்சிருக்கீயளோ?"

அப்பாவுக்குக் கடைசி வார்த்தைதான் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்த பெரிய மனுஷி காப்பி குடித்தாயா என்று அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார். முகம் மலர்ந்து, தன் வழக்கமான குரலில் சொன்னார்: "ஆச்சு அத்தே. எந்திரிச்சதும் ரெண்டு டம்ளர் ஆச்சு. இன்னொண்ணு வரும்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

சபை முழுக்கக் கேட்டது.

"தெனமுமா?" என்றார் அந்த அம்மா.

"தெனமுந்தான். அது இல்லாட்டி எனக்குக் கை வேலை செய்யாதுல்லா."

"வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாவளா?"

"யாரு, இவளா? இவதான ஊத்தித் தாரா. கடைச் சரக்கெல்லாம் நமக்கு ஆகாது அத்தே. கருப்பட்டி போட்டு வீட்டுலயே காய்ச்சுறது. தங்கச்சி காய்ச்சுனா இன்னும் சுருக்குன்னு இருக்கும். வந்தவிய எல்லாருக்கும் உள்ள ரெடியா இருக்கு, ஆளுக்கு ஒரு டம்ளர் குடிச்சுட்டுத்தான் போகணும்."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றுவிட்டார். கூட வந்த பெண்கள் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்கள். "ஏலே, வண்டியை எடுக்கச் சொல்லு" என்று யாரோ சொன்னார்கள். பட்டாளத்துக்காரர் மட்டும் எழவில்லை. அவர் முகத்தில் கோபம் இல்லை. அடுப்படிப் பக்கமாக ஒரு தடவை ஆவலோடு எட்டிப் பார்த்ததை நான் கண்ணால் கண்டேன்.

"காப்பிங்க, கருப்பட்டிக் காப்பி" என்று அம்மா ஓடி வந்தார். கையில் தூக்குவாளியோடு வந்து மூடியைத் திறந்து ஒவ்வொருத்தர் மூக்குக்குக் கீழேயும் காட்டினார். பட்டாளத்துக்காரர் மோந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"காப்பி குடிச்சா கை இப்படி ஆடுமா? எங்களை என்ன பச்சப்பிள்ளைன்னா நெனச்சீய?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அம்மா தூக்குவாளியை மூடினார். ஏன் ஆடுகிறது என்று எங்களுக்கே தெரியாதே. அப்பாவுக்கு இன்னமும் என்ன நடக்கிறது என்று புரியவில்லை. "சக்கரை வியாதி இருந்தா கருப்பட்டி கம்மியாப் போடச் சொல்லுவோமே" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. கூப்பிடுவதற்கு முன்னால் பெண் சபைக்கு வரக் கூடாது. அத்தை பட்டுச்சேலையோடு, பாதி வைத்த பூவோடு, நேரே வந்தார். குனிந்து துண்டை விலக்கினார். என் சாக்ஸ் இரண்டும் சபைக்கு முன்னால் கிடந்தன. அப்பாவின் வலது கையைப் பிடித்து, சந்தனத்தைத் தன் முந்தானையால் துடைத்து, அந்த வெளுத்த விரல்களை அப்படியே மாப்பிள்ளையின் அம்மாவின் கைக்குள் வைத்தார்.

"மூந்து பாத்தது போதும் அத்தே. தொட்டுப் பாருங்க. இவிய பாறையை ஒடைக்கிற மிஷினைப் பிடிக்கிறாவ. உங்க ஊருக் கிணத்துல கூடப் பிடிச்சிருப்பாவ. பனி பட்டா விரல் இப்படி ஆகுது, சூடு பட்டா சரியாகுது. ஏன்னு எங்களுக்குத் தெரியல. தெரியாததை மறைச்சது எங்க தப்பு. ஆனா எங்கண்ணன் ஒரு சொட்டுக் குடிச்சதில்ல. இது பிடிச்சிருந்தா இருங்க, இல்லாட்டி காப்பி குடிச்சுட்டாவது போங்க."

அந்த அம்மா கையை உதறப் போனார். உதறவில்லை. "ஐஸ் மாதிரி இருக்கே" என்றார். உயிர் உள்ள கை இவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போல. தன்னை அறியாமல் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் கைச் சூட்டில், எல்லாருடைய கண்ணுக்கு முன்னாலும், சுண்ணாம்பு மெதுவாக நீலமாயிற்று. நீலம் சிவப்பாயிற்று. கோடு நகர்ந்து நகர்ந்து நகம் வரைக்கும் போய் மறைந்தது.

"வருது, வருது, ரத்தம் வருது பாருங்க" என்றார் அந்த அம்மா, குழந்தை தவழ்வதைப் பார்த்தவர் மாதிரி. அப்பா வழக்கம்போலக் கட்டெறும்பு ஏறக் குதிக்கப் பார்த்தார். அந்த அம்மா விடவில்லை.

பட்டாளத்துக்காரர் தொண்டையைச் செருமினார். "பிடிச்சது போதும், சம்பந்தி கையை விடு" என்றார். சம்பந்தி என்று அவர் சொன்னதை முதலில் பிடித்துக்கொண்டவர் தரகர்தான். "கேட்டுக்கிட்டீயல்ல, சம்பந்தின்னுட்டாவ. தட்டை எடுங்க" என்றார்.

"இவரு எடுக்க வேண்டாம். நீங்களும் எடுக்க வேண்டாம்" என்று தன் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார் மாப்பிள்ளையின் அம்மா. "பாயிலயே இருக்கட்டும். தள்ளுங்க."

"அப்படி வழக்கம் இல்லையேம்மா" என்றார் தரகர்.

"இனிமே வழக்கம்."

அப்பா இரண்டு உள்ளங்கையையும் தட்டின் விளிம்பில் வைத்துத் தள்ளினார். கோரைப்பாயில் அது லேசில் போகுமா? கோட்டுக்குக் கோடு தடுக்கி நின்றது. அந்தப் பக்கத்தில் இருந்து பட்டாளத்துக்காரர் தன் தட்டைத் தள்ளினார். நடுவில் இரண்டும் மோதிக்கொண்டன. தேங்காய் உருண்டு போய் மாப்பிள்ளை மடியில் விழுந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு, கூடத்தில் நின்ற அத்தையைப் பார்த்துச் சிரித்தார். அத்தை அப்போதுதான் அழுதார்.

அன்று ஆளுக்கு இரண்டு டம்ளர் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்கள். அப்பாவின் கைக்காக அடுத்தடுத்த நிச்சயங்களிலும் தட்டைத் தள்ளினோம், காரணம் மறந்து வழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் பட்டாளத்துக்காரர் அப்பாவை மதுரைக்கு ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் விரலைப் பார்க்கும் முன்னால், "என்ன வேலை?" என்று கேட்டாராம். அத்தனை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். மிஷினின் அதிர்வு விரலில் உள்ள நரம்பையும் சின்னச் சின்ன ரத்தக்குழாயையும் கெடுத்திருக்கிறது, அந்த வேலையை விட்டால் மேலே போகாமல் நிற்கும், விடாவிட்டால் மருந்து ஒன்றும் செய்யாது என்று சொன்னார். அப்பாவுக்கு அதிர்வு என்பது அதிர்ச்சி என்று கேட்டது. "அதிர்ச்சி ஒண்ணும் இல்லைங்க. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காவ" என்றாராம்.

வேலையை விட அவருக்கு மனது வரவில்லை. அதுதான் அவருக்குத் தெரிந்த வேலை. கம்ப்ரசர் முதலாளி வாசலில் வந்து, "ஏமி அன்னா" என்று தெலுங்கில் நலம் கேட்டுவிட்டு, "நாளைக்கு செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு கிணறு இருக்கு" என்றதும் தலையை ஆட்டிவிட்டார். அம்மா சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் டிராக்டர் வந்து நின்றது. அப்பா வழக்கம்போலச் சட்டையை மாட்டிக்கொண்டு அம்மா முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"மிஷினுக்குப் போறதுன்னா நீங்களே போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்.

அப்பா முதல் பட்டனோடு மல்லுக்கட்டினார். டிராக்டர் ஹாரன் அடித்தது. என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். எதிர்வீட்டு அக்கா, அவர் வீட்டுக்காரர், தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மேல் பட்டனைக் கீழ் ஓட்டையில் மாட்டி, சட்டை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, கடைசியில் அப்பா திண்டாடிப்போய் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். டிராக்டர் போய்விட்டது. செத்த நேரம் கழித்து அம்மா வந்து, குனிந்து, எல்லாப் பட்டனையும் கழற்றி, முதலில் இருந்து ஒழுங்காகப் போட்டுவிட்டார். பொறவு அப்பா மிஷினைத் தொடவில்லை. செண்பகத்தோப்புப் பக்கம் மாந்தோப்பில் காவலுக்குப் போனார். ஆட்டம் குறைந்தது, பிடியும் கொஞ்சம் வந்தது. மார்கழிப் பனியில் மட்டும் கடைசி வரைக்கும் விரல் வெளுக்கும். கிளி விரட்ட அவர் கத்தின சத்தத்துக்குக் குறை ஒன்றும் இல்லை.

என் சாக்ஸில் ஒன்றுதான் எனக்குத் திரும்பக் கிடைத்தது. இன்னொன்று அன்று தட்டோடு தட்டாக மகாராஜபுரம் போய்விட்டது. ஒற்றைக் காலில் வெள்ளையும் மற்றதில் அப்பாவின் பழைய பழுப்பு சாக்ஸுமாகப் பள்ளிக்கூடம் போய் அடி வாங்கினேன். பின்னால் அத்தையிடம் கேட்டபோது, "எங்கத்தை அதுல உப்பு கட்டி முழங்காலுக்கு ஒத்தடம் குடுக்காவ, தர மாட்டாவ" என்றார்.

மகனே, உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏசி மாட்டப் போகிற இடத்தில் நாள் முழுக்கச் சுவரில் துளை போடுகிறாய். உன் மிஷின் சின்னதுதான், தாத்தாவுடையது மாதிரி இல்லை. ஆனாலும் என்றைக்காவது காலையில் விரல் வெளுத்தால், ராத்திரி கை மதமதவென்று இருந்தால், வாயு என்று யார் சொன்னாலும் நம்பாதே. என்னிடம் சொல். நான் சிரிக்க மாட்டேன். டாக்டரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும் என்ன வேலை பார்க்கிறாய் என்பதை முதலில் சொல். நாங்கள் எல்லாரும் அந்தக் கையை ஒளித்து வைக்கப் பார்த்தோமே தவிர, அது நாள் முழுக்க எதைப் பிடித்திருக்கிறது என்று யோசிக்கவில்லை.

உன் அக்கா நிச்சயம் முடிந்து எல்லாரும் சம்பந்தி வீட்டாரை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனீர்களே, அப்போது நான் வீட்டில் தனியாக இருந்தேன். கூடத்தில் பாய் சுருட்டாமல் கிடந்தது. தட்டும் அங்கேயே இருந்தது. மிச்சம் கிடந்த பாக்கையும் மஞ்சளையும் இரண்டு வளையலையும் அதில் போட்டு, இரண்டு கையாலும் தூக்கினேன். ஆடவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்கலாம் என்று நானாக ஆட்டிப் பார்த்தேன். மெதுவாக, வேகமாக, பல்லைக் கடித்து இறுக்கிப் பிடித்து. எதிலும் அந்தக் கிணுகிணு வரவில்லை. கீழே வைத்துவிட்டு, அப்பா இருந்த காலத்தில் எப்போதும் உட்காரும் சுவர்ப் பக்கமாகத் தட்டைத் தள்ளினேன். பாயின் கோட்டில் தடுக்கி நின்றது. இன்னொரு தடவை தள்ளினேன்.